வாலறுந்த பல்லியோடு ஜெர்மனியில் பத்து நாள்

ஜெர்மனிக்குப் புறப்பட்ட காலையில் என் தலையில் பல்லி விழுந்தது. தோளில் இல்லை, முதுகில் இல்லை, நட்டநடு உச்சியில். ஹாலில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இட்லிப் பொடி டப்பாவை எந்த மூலையில் செருகுவது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லென்று ஏதோ தலையில் பட்டது, நெற்றி வழியாக இறங்கியது, அப்புறம் காணோம். தரையில் வால் மட்டும் கிடந்து துள்ளியது.

வாலைக் காலால் பீரோவுக்கு அடியில் தள்ளினேன். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். பல்லி விழும் பலன் பட்டியலில் தலைக்கு நேரே ‘மரண பயம்’ என்று போட்டிருந்தது. மரணம் என்று போடவில்லை, பயம் என்றுதானே போட்டிருக்கிறது என்று என்னைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் என்பதை ஒளித்துப் பயனில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய சக்கரத்தில் வரிசையாக வாளிகளை மாட்டி மண்ணை வெட்டும் எந்திரம் அது. பல மாடி உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டு போல்ட் முடுக்கியிருக்கிறேன், பயந்ததில்லை. ஆனால் பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அப்படித் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனதில் ஒருமுறை பிரமோஷன் இன்டர்வியூ தவறிப்போனது. அந்தப் பிரமோஷன் கிடைக்க அப்புறம் நாலு வருடம் ஆயிற்று.

“என்னாங்க சத்தம்?” என்று சமையலறையிலிருந்து கோமதி கேட்டாள். கோமதி என் மனைவி, குறிஞ்சிப்பாடிக்காரி.

“ஒண்ணுமில்ல. தோள்ல ஒரு பல்லி விழுந்துச்சு. வலது தோள்” என்றேன். வலது தோளுக்கு வெற்றி என்று காலண்டரில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். “நல்லதுதாங்க. எதுக்கும் இன்னொருக்கா தலைக்குக் குளிச்சிட்டுக் கெளம்புங்க” என்றாள்.

நல்ல சகுனத்துக்கு எதற்குத் தலைக்குக் குளியல் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஓடிப்போய்க் குளித்தேன். எங்கள் எந்திரம் ஒன்றுக்கு ஜெர்மனியில் புதிதாகச் செய்த கியர்பாக்ஸை அங்கேயே ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வேலை. வாழ்க்கையில் முதல் வெளிநாடு. கோமதியிடம் உண்மையைச் சொன்னால் போகவேண்டாம் என்று அழுவாள், நானும் அதைச் சாக்காக வைத்துப் படுத்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியும்.

உடன் வந்தவர் நடராஜன் சார். பொள்ளாச்சிக்காரர், என் மேலதிகாரி, சகுனம் ஜாதகம் எதிலும் நம்பிக்கை இல்லாதவர். விமானம் மேகத்துக்குள் குலுங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாத தெய்வம் இல்லை. அவர் இரண்டாவது தட்டுச் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜெர்மனியில் முதல் நாளே ரயில் எங்களைக் கவிழ்த்தது. கவிழ்த்தது என்றால் நிஜமாக இல்லை. நாங்கள் சரியான ரயிலில்தான் ஏறினோம். வழியில் ஒரு ஸ்டேஷனில் அந்த ரயில் இரண்டாகப் பிரிந்து முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. அறிவிப்பு செய்தார்கள். சார் அதைக் கேட்டு, “ஏதோ காபி விக்கறாங்க போல” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பைன் காட்டு ஸ்டேஷனில் நாங்கள் இருவர் மட்டும் இறங்கி நின்றோம். டீக்கடை கிடையாது, ஆள் கிடையாது, குளிர்.

“முருகேசா, கெளம்பறப்ப உனக்கு எதாச்சும் ஆச்சா?” என்று சார் கேட்டார். நம்பிக்கை இல்லாதவர்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பும் ரயில் பிடித்து நாங்கள் தங்க வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது. அதுவும் பழுப்பு நிலக்கரி ஊர்தான். ஆனால் ஊரை ஒட்டியிருந்த சுரங்கத்தை மூடிப் பல வருடமாகி, அந்தப் பள்ளம் முழுக்கத் தண்ணீர் நிரம்பி ஏரியாகக் கிடந்தது. பாய்மரப் படகு விடுகிறார்கள். நம் ஊரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாமல் இரவு பகலாகப் பம்பு ஓட்டி இறைக்கிறோம், இங்கே தண்ணீரை விட்டுவிட்டு அதில் குளிக்கிறார்கள் என்று சார் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதிக்காரியின் பெயர் ஹில்டா. அறுபது வயது, ஆள் நல்ல உயரம். இறந்துபோன கணவர் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். நாங்கள் எந்த எந்திரத்துக்காக வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் எங்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி நடத்தினார். இரவு உணவுக்கு அவித்த உருளைக்கிழங்கு, அதன் மேல் தண்ணீர் வடித்த தயிர் போல ஒன்று, அதற்கும் மேல் ஆளிவிதை எண்ணெய். பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரிக்காய். சார் உருளைக்கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு, விமானத்தில் மிச்சம் பிடித்து வந்த சோற்றில் அந்தத் தயிரைப் போட்டுப் பிசைந்தார். ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. ஹில்டா கைபேசியில் பேசி, அதை ஆங்கிலமாக மாற்றிக் காட்டினார்: ‘இவருக்கு உடம்பு சரியில்லையா?’

மறுநாள் காலையில் கோமதியிடம் பேசினேன். எல்லாம் சௌக்கியம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, ரயில் அருமை என்று வரிசையாகப் பொய். கடைசியில், “பத்தாம் நாள் முழுசா வந்து நிப்பேன்” என்றேன்.

ட்ச் ட்ச் ட்ச் என்றது சுவர்.

அந்தப் பக்கம் கோமதி விரலால் தரையைத் தட்டுவது கேட்டது. நல்ல வார்த்தைக்குப் பல்லி சொன்னால் தட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். “அங்கயும் பல்லி கீதாங்க?” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“இருக்குது போல” என்று போனை வைத்துவிட்டு ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வால் இல்லாத பல்லி. எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலிலிருந்து, என் உச்சந்தலை வழியாக, சூட்கேஸுக்குள் விழுந்து, இட்லிப் பொடியோடு கண்டம் தாண்டி வந்திருக்கிறது. குளிரில் அசையக்கூட முடியாமல் குழாயோடு ஒட்டிக் கிடந்தது.

எனக்கு அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை, பதறிவிட்டது. அப்போது எனக்கு நானே ஒரு பஞ்சாங்கம் எழுதிக்கொண்டேன். இது பிழைத்தால் நான் பிழைப்பேன், இது செத்தால் நானும் இங்கேயேதான். காலண்டர் அச்சடிப்பவர்கள் கூட இப்படிப் போடமாட்டார்கள். ஆனால் ஒருமுறை நினைத்துவிட்டால் எனக்கு விடாது.

அடுத்த மூன்று நாளும் பகலில் தொழிற்சாலையில் கியர் பற்களை அளப்பதும், மாலையில் பல்லிக்குத் தீனி தேடுவதுமாகப் போயிற்று. மேஜை விளக்கைக் குழாய்ப் பக்கம் திருப்பி எரியவிட்டேன். அந்த ஊரில் கொசுகூட இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஒரு பல்லி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், சாப்பாடு தானாக வந்து விழும். இங்கே அந்துப்பூச்சிக்கு நான் தோட்டத்தில் செடி செடியாக அலைய வேண்டியிருந்தது. ஒன்பது மணி வரை வெயில் இருந்தது ஒரு வசதி.

ஐந்தாம் நாள் மாலை, ரோஜாச் செடிக்கு முன்னால் டீ வடிகட்டியும் கையுமாக நான் குந்தியிருப்பதை ஹில்டா பார்த்துவிட்டார். கைபேசியை நீட்டினார். ‘இது உங்கள் வழிபாடா? நான் தொந்தரவு செய்கிறேனா?’

பொய் சொல்லிச் சலித்துவிட்டது. அறைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அலறுவார், போலீஸைக் கூப்பிடுவார், சார் முகத்தில் முழிக்க முடியாது என்று என்னென்னவோ நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு யாருக்கோ போன் செய்தார். ‘ஞாயிற்றுக்கிழமை யோஹனிடம் போகலாம்’ என்று காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஹில்டாவின் காரில் நான், சார், துளையிட்ட இட்லிப் பொடி டப்பாவில் பல்லி. பல்லி விஷயம் சாருக்கு அன்று காலையில்தான் தெரியும். “பாஸ்போர்ட் இல்லாம வந்தது நம்ம மூணு பேர்ல இது ஒண்ணுதாம்ப்பா” என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார். தலையில் விழுந்ததை மட்டும் அவரிடமும் நான் சொல்லவில்லை.

யோஹன் பக்கத்து ஊர் மிருகக்காட்சிசாலையில், வெப்ப நாட்டுப் பிராணிகளை வைத்திருக்கும் கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். ஹில்டா கணவரோடு சுரங்கத்தில் சர்வேயராக இருந்து, சுரங்கம் மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர். ஆங்கிலம் பேசினார். கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஆறு நாளில் முதல் வேர்வை. மே மாதத்து நெய்வேலி போல அத்தனை சுகமாக இருந்தது.

பல்லியை ஒரு கண்ணாடிப் பெட்டியில் விட்டார். சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது, அதைக் காட்டினார். தேன் நிறக் கல்லுக்குள் ஒரு பல்லியின் தலையும் முன்னங்கையும். மரப் பிசின் இறுகிக் கல்லானது, பால்டிக் கடற்கரைப் பக்கம் கிடைத்தது, சுமார் ஐந்து கோடி வருடப் பழசு என்றார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். விரல் நுனியில் பட்டை பட்டையாக மெத்தை. அப்படியே எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் இருப்பதன் விரல்.

“பர்மாவில் கிடைத்த பிசினில் பத்துக் கோடி வருடப் பல்லியே இருக்கிறது. டைனோசர் காலம். அப்போதே காலில் இந்த மெத்தை வந்துவிட்டது” என்றார் யோஹன்.

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் வெட்டி எடுக்கும் நிலக்கரி மரமாக நின்ற காலத்தைத்தான் இதுவரை பழங்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மரங்கள் முளைப்பதற்கு எத்தனையோ கோடி வருடம் முன்பே பல்லி பல்லியாக இருந்திருக்கிறது.

அன்று மத்தியானம் முழுக்க அவர் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். பெரும்பாலான பல்லிகளுக்கு இமை கிடையாது, நாக்கால் கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும். அந்த விரல் மெத்தை ஒரே தடவை தோன்றியது அல்ல, வெவ்வேறு பல்லிக் குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியது, மணலில் வாழப் போன சிலவற்றுக்கு மறைந்தும் போனது. நியூசிலாந்தில் உள்ளவை முட்டையிடாமல் குட்டியே போடுகின்றன. பசிபிக் தீவுகளில் ஒரு வகையில் எல்லாமே பெண், ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டுப் பெருகுகின்றன. “பரவாயில்லயே” என்றார் சார்.

“உங்கள் வீட்டுப் பல்லிதான் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. நீங்கள் கொண்டுவரவில்லை, அது உங்களைக் கொண்டுவந்திருக்கிறது” என்றார் யோஹன். இந்தியாவும் கிழக்கே உள்ள நாடுகளும் அதன் சொந்த ஊர். அங்கிருந்து மரத்திலும் மூட்டையிலும் கப்பல் சரக்கிலும் ஒளிந்து ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நடு அமெரிக்கா வரை போய்விட்டது. முட்டை ஓடு சுண்ணாம்பு போலக் கெட்டி, காய்ந்து போகாது, உப்புக் காற்றுக்கும் அசராது. போன சில தீவுகளில் அந்த ஊர்ப் பல்லிகளை ஓரங்கட்டியும்விட்டதாம். அதனால்தான் தோட்டத்தில் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எனக்கு எங்கள் பிளாக் ஞாபகம் வந்தது. என் அப்பா வேலை கிடைத்து சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர். எதிர் வீடு ஈரோடு, மாடி வீடு நாகர்கோவில். யார் எந்த லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தார்களோ, அவரவர் பீரோவுக்குப் பின்னால் அவரவர் ஊர்ப் பல்லியும் வந்திருக்கும்.

யோஹன் பெட்டியை என் தலைக்கு மேல் தூக்கி, அடியிலிருந்து பார்க்கச் சொன்னார். பல்லியின் வயிற்றுத் தோல் மெல்லிசு. உள்ளே அரிசி மணியைவிடப் பெரிதாக வெள்ளையாக இரண்டு தெரிந்தன. முட்டை.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார். “ஒன்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியிலேயே நடக்கிற பிராணி, எப்படிக் கீழே விழுந்தது? சுவர் ஈரமா? இல்லையென்றால் உதிர்கிற மாதிரிப் பொடி ஏதாவது உண்டா?”

எனக்குச் சுரீரென்றது. பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஹாலுக்கு வெள்ளையடித்தேன். ஆள் வைக்காமல் நானே அடித்தேன். சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை கலக்க மறந்துபோய், கடைசிக் கை அடித்து முடித்த பிறகுதான் பசைப் பொட்டலம் ஜன்னலில் இருப்பதைப் பார்த்தேன். பசை இல்லாததால், கை வைத்தால் மாவு மாதிரி ஒட்டும் சுவர். வயிற்றுப் பிள்ளைக்காரி, அந்தப் பொடியில் கால் பிடிக்காமல் விழுந்திருக்கிறாள். யமன் அனுப்பி வரவில்லை, என் வெள்ளையடிப்பு அனுப்பி வந்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. ஆறு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் பாதி இறங்கியது. பாதிதான். பல்லியைத் திரும்ப நெய்வேலிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். சட்டமும் விடாது, இந்த நிலைமையில் இன்னொரு பயணத்தை அதன் உடம்பும் தாங்காது என்றார் யோஹன். பல்லி என்னோடு ஊர் திரும்பினால்தான் எனக்கு முழு நிம்மதி என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அவர் நீட்டிய படிவத்தில், எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் ‘நெய்வேலி’ என்று எழுதினேன். பல்லி விளக்குச் சூட்டில் தன் கண்ணை ஒருதரம் நக்கிக்கொண்டது. இதை எழுதுகிற இன்று அந்த இரண்டு முட்டையும் பொரிந்து, குஞ்சுகளின் படத்தை ஹில்டா அனுப்பியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் கியர்பாக்ஸை முழுப் பளுவில் ஓட்டினார்கள். சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. சார் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைகுலுக்கினார்கள். எனக்கு மட்டும் இன்னும் ஒரு விமானம் பாக்கி இருந்தது.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டபோது விட்ட மூச்சில், பக்கத்து இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தார். திண்டிவனம் தாண்டி டீ குடித்தோம். முந்திரித் தோப்புகள் வந்தன. நெய்வேலிக்குள் கார் நுழைந்தபோது மணி ஒன்றேகால், இரண்டாம் ஷிப்ட் பஸ் எங்கள் தெருமுனையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

கோமதி வாசல் கேட்டிலேயே நின்றிருந்தாள். நான் காரை விட்டு இறங்கி சூட்கேஸை எடுப்பதற்குள் வேகமாக வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெருவில் அவள் என் விரலைக்கூடத் தொட்டதில்லை. சார் காருக்குள்ளிருந்து பார்க்கிறார், டிரைவர் பார்க்கிறார், பஸ் ஜன்னலில் எங்கள் செக்ஷன் ஆட்கள் முழுக்கப் பார்க்கிறார்கள்.

“எல்லாம் பாக்குறாங்க, கோமதி” என்றேன் மெதுவாக.

“பாத்துகினு போறாங்க. கைய இழுக்காதீங்க.”

கார் போனது, பஸ்ஸும் போனது. அவள் விடவில்லை. ஒரு கையால் சூட்கேஸை உருட்டிக்கொண்டு மறு கை அவளிடம் இருக்க வீட்டுக்குள் போனேன். ஹாலில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

“அன்னிக்குப் பல்லி தோள்ல விழல. தலையில விழுந்துச்சு” என்றேன்.

“தெரியும்” என்றாள். “அடுப்படி வாசப்படியில நின்னு பாத்துகினுதாங்க இருந்தேன். நீங்க வால பீரோவுக்கு அடியில தள்ளுனது, காலண்டரத் திருப்புனது, எல்லாம்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்களா? ஒரு பூனைக்கே நாலு வருசம் போச்சு. தோளுன்னு நீங்க சொன்னீங்க, சரின்னு வுட்டுட்டேன். போனுல பல்லி கத்துனப்ப, அந்தப் பல்லியே பின்னாடி வந்துடுச்சோன்னு எனக்கு உசுரே இல்ல. மறுநாளே காஞ்சிபுரம் கோயிலுக்குப் போயி தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்தேன். அதத் தொட்டவங்க கையத் தொட்டாலும் தோசம் போயிடும்னு சொல்லுவாங்க. அன்னியிலேர்ந்து நீங்க வர்ற நாளத்தான் எண்ணிகினு இருந்தேன்.”

பத்து நாளும் நான் அங்கே தனியாகப் பயந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். நான் அவளிடம் சுண்ணாம்பைச் சொன்னேன், பசைப் பொட்டலத்தைச் சொன்னேன், வயிற்றிலிருந்த இரண்டு முட்டையைச் சொன்னேன், விழுந்ததற்குக் காரணம் என் வெள்ளையடிப்புத்தான், வேறொன்றும் இல்லை என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஜன்னலில் இருந்த பசைப் பொட்டலத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“சரிங்க. இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிகினு இருக்கேன்” என்றாள்.

நானும் கையை எடுக்கவில்லை.